இலையைக் கிள்ளிக்கொண்டு வருகிறவர்களுக்கு: செட்டிநாட்டுத் தோட்டத்தில் நோய், பூச்சி, மண் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஓர் உரக்கடையில் பதினாறு ஆண்டுகள் கணக்கு எழுதினேன். கல்லாவுக்குப் பக்கத்தில் என் மேசை. சட்டைப்பையிலிருந்து வாடிய இலை ஒன்றை எடுத்து நீட்டி, "இதற்கு ஒரு மருந்து கொடுங்கள்" என்று கேட்பவர்களை நாள்தோறும் பார்த்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு பள்ளத்தூரில் என் வீட்டுத் தோட்டத்தைக் கவனிக்கத் தொடங்கியபோது, அதே போன்ற இலையோடு நானும் குன்றக்குடி, செட்டிநாடு வேளாண் நிலையங்களுக்கு அலைந்தேன். இப்போது தெருவில் யார் வீட்டுச் செடி வாடினாலும் என் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். நான் வேளாண்மை படித்தவன் இல்லை. யாரிடம், எதை, எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று மட்டும் தெரியும். கேட்டதையே எல்லோரும் கேட்பதால் எழுதி வைத்துவிட்டேன்.

இலை மஞ்சளாகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

இப்போதைக்கு எதுவும் அடிக்க வேண்டாம். மஞ்சள் என்பது காய்ச்சலைப் போல. காய்ச்சலுக்கு எத்தனை காரணமோ அத்தனை காரணம் இதற்கும் உண்டு. தண்ணீர் தேங்கினாலும் மஞ்சள், காய்ந்தாலும் மஞ்சள், சத்துக் குறைந்தாலும் மஞ்சள், வேரைப் புழு தின்றாலும் மஞ்சள்.

முதலில் எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள். அடியிலுள்ள பழைய இலை முழுவதும் வெளிறினால் பெரும்பாலும் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைவு. அடியிலை நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியத்தைச் சந்தேகிப்பார்கள். நுனியிலுள்ள இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. இந்த ஒரு விவரத்தைச் சொன்னாலே அதிகாரியின் பாதி வேலை முடிந்துவிடும். "மஞ்சள்" என்று மட்டும் சொன்னால் அவரும் உங்களைப் போல ஊகிக்கத்தான் செய்வார்.

சரி, யாரிடம் காட்டுவது? எங்கே இருக்கிறார்கள்?

நம் பக்கத்தில் ஆளுக்குக் குறைவில்லை. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் சாலையில் போனால் குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. முருகனைப் பார்க்கப் போகும் பஸ்ஸிலேயே போகலாம். இந்த நிலையங்கள் மாவட்டத்துக்கு ஒன்று என்று நாடு முழுவதும் இருக்கின்றன. முதல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கியது. பூச்சி, நோய், மண், தோட்டக்கலை என்று துறைவாரியாக வல்லுநர்களை வைத்திருப்பதுதான் இவற்றின் அமைப்பு. கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில், செட்டிநாடு என்ற பெயருள்ள ஊரிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் செம்மண்ணை நன்கு அறிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

அரசுத் துறை என்றால் வட்டார அளவில் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். காரைக்குடி, பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் பக்கத்தவர்களுக்குச் சாக்கோட்டை வட்டாரம். தேவகோட்டை, கல்லல், திருப்பத்தூர் தனித்தனி வட்டாரங்கள். பலர் தவறிவிடும் இடம் ஒன்று உண்டு. செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. திருமயம், அரிமளம் பக்கத்து ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டம். அவர்களுக்கு வம்பனில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம்தான் உரியது. மாறிப் போனாலும் விரட்டமாட்டார்கள், ஆனால் நேரில் வந்து பார்க்க வேண்டிய நிலை வந்தால் எல்லைக் கணக்கு குறுக்கே நிற்கும்.

நான் விவசாயி இல்லை. பின்கட்டில் பத்துச் செடி வைத்திருக்கிறேன். ஆபீசில் மதிப்பார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆச்சி இல்லை. மானியம் கேட்கப் போனால் பட்டா, சிட்டா கேட்பார்கள். செடிக்கு என்ன நோய் என்று கேட்க அவை எதுவும் தேவையில்லை. தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத்துக்கே திட்டம் வைத்திருக்கிறது. பத்துச் செடி குறைவே இல்லை.

உண்மையான சங்கடம் வேறு. அதிகாரி வயலுக்குப் போயிருப்பார். முற்பகலில், போன் செய்துவிட்டுப் போங்கள். 2018இல் வந்த உழவன் செயலியில் உங்கள் ஊருக்கு உதவி அலுவலர் எந்த நாளில் வருகிறார் என்று பார்க்கும் வசதி இருக்கிறது. அவர் ஊருக்கு வரும் நாளில் பிடித்துவிட்டால் பஸ் செலவு மிச்சம், செடியைப் பிடுங்கவும் வேண்டியதில்லை.

போனிலேயே கேட்க முடியாதா?

முடியும். கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551, கட்டணமில்லை. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, தமிழிலேயே பேசலாம். உர அளவு, நடவுப் பருவம், தெரிந்த பூச்சிக்கு என்ன செய்வது போன்றவற்றுக்கு அருமையான வழி. தெரியாத நோய்க்கு அது போதாது. மறுமுனையில் இருப்பவருக்குக் கண் உங்கள் வாய்தான்.

பேசுவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன செடி, வயது என்ன, எப்போது தொடங்கியது, எத்தனை செடியில், கடைசியாக என்ன உரம் அல்லது மருந்து எப்போது போட்டீர்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது. கடைசி இரண்டையும் நம்மவர்கள் மறைக்கிறார்கள். மருத்துவரிடம் மாத்திரை சாப்பிட்டதை மறைப்பது போலத்தான் அது.

செடியை எப்படிக் கொண்டுபோவது? ஒரு இலை போதாதா?

போதாது. இலையில் தெரிவது பல நேரம் வேரில் நடப்பதன் நிழல். சிறிய செடி என்றால் மண்வெட்டியால் சுற்றித் தோண்டி, வேரடி மண்ணோடு முழுச் செடியாக எடுங்கள். பிடித்து இழுத்தால் மெல்லிய வேரெல்லாம் மண்ணிலேயே நின்றுவிடும். பார்க்க வேண்டியதே அதைத்தான். மரம் என்றால் நோய் பரவிக்கொண்டிருக்கும் கிளை ஒன்று போதும், பச்சைப் பகுதியும் காய்ந்த பகுதியும் சேர்ந்தாற்போல. முழுக்கச் செத்த கிளையில் இறந்தபின் வந்த பூஞ்சணங்கள் குடியேறியிருக்கும். அது யாரையும் குழப்பும். பக்கத்து நல்ல செடியின் இலை ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள். வல்லுநர் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் அளவுகோல்.

காலையில் பறியுங்கள். இலையைச் செய்தித்தாளில் மடித்துவையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் காரைக்குடி வெயிலில் பஸ் குன்றக்குடி போய்ச் சேர்வதற்குள் அவிந்துவிடும். வேரடி மண் மட்டும் தனிப் பையில், இலை மேல் கொட்டாதபடி. பூச்சி ஓடுகிறது என்றால் சிறு குப்பியில் பிடியுங்கள். புழுவாக இருந்தால் அது தின்ற இலையோடு. மருந்து அடித்த மறுநாள் கொண்டுபோவதில் பயனில்லை, சாட்சியைக் கொன்றுவிட்டு வழக்கு நடத்துவதாகிவிடும்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறார். அதை வைத்துச் சொல்ல முடியுமா?

செட்டிநாட்டுக்கே உரிய கேள்வி இது. பூட்டிய வீடு இங்கே, உரிமையாளர் கடலுக்கு அப்பால், நடுவில் மங்கலான ஒரு போட்டோ. நல்ல படமாக இருந்தால் முடியும். ஒரு செடிக்கு நான்கு படம் கேளுங்கள்: நின்ற இடத்தோடு முழுச் செடி (சுவர், தொட்டி, தண்ணீர்க் குழாய் எல்லாம் தெரிய வேண்டும்), நோயுள்ள கிளை, இலையின் மேற்பக்கம், இலையின் அடிப்பக்கம். அடிப்பக்கத்தை யாரும் எடுப்பதில்லை, பூச்சியோ அங்கேதான் குடித்தனம் நடத்துகிறது. உச்சி வெயிலில் எடுத்தால் நிறம் வெளிறிவிடும். நிழலில் எடுக்கச் சொல்லுங்கள். அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைக்கலாம்.

போட்டோ பார்த்து நோய் சொல்லும் செயலிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ஊகத்துக்கு நல்லவை. சத்துக் குறைவை நோய் என்று சொல்லி, உடனே ஒரு பூஞ்சணக்கொல்லியைக் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். செயலி சொல்லும் பெயரைக் குறித்துக்கொண்டு வல்லுநரிடம் "இதுவா?" என்று கேளுங்கள், அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கடைக்காரர் பார்த்தவுடனேயே மருந்து தருகிறார். அலைச்சல் எதற்கு?

கடையில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் இதை வெளிப்படையாகச் சொல்கிறேன். கடைக்காரர் கெட்டவர் இல்லை. பல ஆண்டு அனுபவத்தில் பாதி நேரம் சரியாகவும் சொல்வார். ஆனால் வெறுங்கையோடு அனுப்பினால் அவருக்கு வியாபாரம் இல்லை, வந்தவருக்கும் திருப்தி இல்லை. அதனால் ஒரு பூச்சிக்கொல்லி, ஒரு பூஞ்சணக்கொல்லி, கூடவே ஒரு "டானிக்" என்று மூன்றும் கட்டிக்கொடுக்கிற வழக்கம் வந்துவிட்டது. எங்கள் கடையில் அதற்கு "செட்" என்றே பெயர். எது கேட்டது, எது கேட்கவில்லை என்று பிறகு யாருக்கும் தெரியாது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் டப்பாவில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. சமையலுக்குப் பறிக்கும் தோட்டத்துக்குச் சிவப்பும் மஞ்சளும் வேண்டவே வேண்டாம். அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதையும் கேளுங்கள். கறிவேப்பிலைக்கு மருந்தடித்த அன்று மாலையே கொத்தாகப் பறித்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

மண் பரிசோதனைக்கு மண் எடுப்பது எப்படி?

மேல் சருகை மட்டும் ஒதுக்குங்கள், மண்ணைச் சுரண்டிவிடாதீர்கள். காய்கறி, பூச்செடிக்கு அரை அடி ஆழத்தில் ஆங்கில 'வி' வடிவில் குழி வெட்டி, அதன் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் எடுத்தால் அந்த இடத்தின் கதை மட்டுமே தெரியும். வயலுக்குப் பத்துப் பதினைந்து இடம் என்பார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு ஐந்தாறு இடம் போதும். எருக்குழி, வரப்பு, மர நிழல், அண்மையில் உரம் போட்ட இடம் ஆகியவற்றைத் தவிர்க்கவும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை நீக்கி, மறுபடியும் கலந்து பிரித்து, அரைக் கிலோ வரும்வரை குறைக்க வேண்டும். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள். யூரியா வந்த சாக்கில் கட்டிக் கொடுத்துவிட்டு, தழைச்சத்து அதிகம் என்று அறிக்கை வந்ததும் மகிழ்ந்தவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார்.

மரம் வைப்பதற்கென்றால் ஓர் அடி, இரண்டு அடி, மூன்று அடி ஆழத்து மண்ணைத் தனித்தனிப் பையில் கொடுக்க வேண்டும். நம் ஊரில் இது மிக முக்கியம். மேலே அழகான செம்மண், இரண்டடி கீழே கடப்பாறை இறங்காத செம்புறாங்கல் என்பது இங்கே சாதாரணம். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையம் சிவகங்கையில் இருக்கிறது. குன்றக்குடியிலும் விசாரிக்கலாம்.

சிக்ரியில் பெரிய விஞ்ஞானிகள் இருக்கிறார்களே, அங்கே மண்ணைப் பார்ப்பார்களா?

அது மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். பேட்டரிக்கும் துருவுக்கும் போகலாம், துளசிக்குப் போக முடியாது.

அறிக்கை வந்துவிட்டது. எண்கள் ஒன்றும் புரியவில்லை.

மூன்றை மட்டும் முதலில் பாருங்கள். பி.எச். என்பது மண் புளிப்பா காரமா என்பதைச் சொல்லும், 6.5 முதல் 7.5 வரை என்றால் பெரும்பாலான செடிகளுக்குச் சுகம். இ.சி. என்பது உப்பின் அளவு; ஒன்றுக்குள் இருந்தால் கவலையில்லை. அங்ககக் கரிமம் அரை சதவீதத்துக்குக் கீழே என்றால் மண்ணில் மக்கு இல்லை என்று பொருள். செம்மண்ணில் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும்.

தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகளும் அவற்றுக்கான உரப் பரிந்துரையும் ஏக்கருக்கோ ஹெக்டேருக்கோ கணக்கிட்டு வரும். ஒரு சென்ட் தோட்டத்துக்கு ஏக்கர் அளவை நூறால் வகுக்க வேண்டும். ஹெக்டேர் என்றால் ஏறத்தாழ இருநூற்று ஐம்பதால். இந்த வகுத்தலைச் செய்யாமல் ஒரு கைப்பிடிக்குப் பதில் ஒரு கூடை உரம் போட்டு ரோஜாவை எரித்த கதைகள் நிறைய உண்டு. மணிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை: செம்புறாங்கல் மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் நாம் போடும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் அந்த உரத்தை வெறுமனே தூவாமல் மக்கிய எருவோடு கலந்து வேர்ப்பக்கம் வைக்கச் சொல்கிறார்கள். எருவுக்கு நாம் அலைய வேண்டியதில்லை, மாடு இன்னும் இருக்கிற ஊர்தான் இது.

செம்மண் புளிப்புத்தன்மை உள்ளது என்றுதானே சொல்கிறார்கள்? என் அறிக்கையில் காரம் என்று வந்திருக்கிறது. தப்பாகப் பார்த்துவிட்டார்களா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத நினைத்தேன் என்றுகூடச் சொல்லலாம். பரிசோதனை தப்பாக இருக்காது. மண் எடுத்த இடத்தைப் பாருங்கள். வீட்டுச் சுவரிலிருந்து எத்தனை அடி?

நம் வீடுகளின் சுவர்ப் பூச்சு சுண்ணாம்பு. முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த அந்தப் பளபளப்பைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். நூறு ஆண்டாக மழையில் கரைந்து, உதிர்ந்து, பழுதுபார்க்கும்போதெல்லாம் வெட்டிக் கொட்டப்பட்டு, அந்தக் காரை முழுவதும் சுவரடியிலும் பின்கட்டிலும் கிடக்கிறது. போதாக்குறைக்கு அடுப்புச் சாம்பலும், புதுவயல் மில்லிலிருந்து வந்த உமிச்சாம்பலும். இவை எல்லாம் மண்ணைக் காரமாக்குபவை. தோண்டும்போது வெள்ளைத் துண்டு தட்டுப்பட்டால் அதன்மேல் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு.

என் வீட்டு இட்லிப்பூச் செடி (வெட்சி) மூன்று ஆண்டுகள் தளிர் வெளுத்துக்கொண்டே இருந்தது. முதல் பதிலில் சொன்ன பச்சை நரம்பு, மஞ்சள் தளிர். நுண்ணூட்டம், டானிக், பஞ்சகவ்யம் எல்லாம் ஊற்றிப் பார்த்தேன். ஆராய்ச்சி நிலையத்துக்கு வேரோடு கொண்டுபோனபோது அவர்கள் இலையைப் பார்க்கவே இல்லை. வேரில் ஒட்டியிருந்த வெள்ளைப் பருக்கைகளைத்தான் விரலால் நசுக்கிப் பார்த்தார்கள். நம் மண்ணின் சிவப்பே இரும்புதான். இருந்தும் சுண்ணாம்பு சேர்ந்த இடத்தில் அந்த இரும்பு கரையாது, வேருக்குக் கிடைக்காது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இலையில் தெளித்தால் தளிர் பச்சையாகும், ஆனால் அது தற்காலிகம்தான். நான் செடியைச் சுவரிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, காரை கலக்காத குழியில் மாற்றி வைத்தேன். இப்போது பூக்கிறது. சுவரடியில் வெட்சி, மல்லிகை, செம்பருத்தி வைத்திருப்பவர்கள் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

தென்னை ஓலை கறுத்துப்போய்விட்டது. கீழே நிற்கும் கொய்யாவும் கறுப்பு. என்ன நோய்?

கறுப்பைத் துடைத்துப் பாருங்கள். கரி போல வழித்துக்கொண்டு வரும். அது கரும்பூசணம். ஓலையின் அடியில் சுருள் சுருளாக வெள்ளைப் பொடி இருந்தால் குற்றவாளி சுருள் வெள்ளை ஈ. நம் நாட்டில் 2016இல்தான் முதலில் பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அது சாற்றை உறிஞ்சித் தேன்போன்ற கழிவைச் சொட்டுகிறது. அதன்மேல் பூசணம் வளர்கிறது. கொய்யாவுக்குப் பூசணம் மேலே இருந்து கொடையாக வந்தது.

பூச்சிக்கொல்லி அடிக்க வேண்டாம் என்பதில் இங்கே எல்லா வல்லுநர்களும் ஒரே குரல். இந்த ஈயின் உடலுக்குள் முட்டையிட்டுக் கொல்லும் என்கார்சியா என்ற சிறு குளவி இருக்கிறது. மருந்து முதலில் அதைத்தான் கொல்லும். ஆமணக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாள்களைக் கட்டுவது, ஓலையடியில் விசையாகத் தண்ணீர் அடிப்பது, கறுப்பு உதிர லிட்டருக்கு 25 கிராம் மைதா காய்ச்சிய பசையைத் தெளிப்பது ஆகியவைதான் பரிந்துரை. தென்னை இதனால் சாகாது. குருத்தோலை விசிறி போல வெட்டுப்பட்டு வருவது (காண்டாமிருக வண்டு), தண்டில் துளையும் செந்நீர் ஒழுக்கும் தெரிவது (சிவப்புக் கூன்வண்டு), அடித்தண்டில் சாறு கசிவது (தஞ்சாவூர் வாடல்) ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டால்தான் அன்றைக்கே போன் செய்ய வேண்டும்.

செம்பருத்தியில் பஞ்சு போல வெள்ளைப் பூச்சி. நசுக்கிக்கொண்டே இருக்கிறேன், குறையவில்லை.

நசுக்குமுன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். மாவுப்பூச்சி அசையாமல் கூட்டமாகக் கிடக்கும். அதைவிடப் பெரிதாக, நீண்ட வெள்ளை இழைகளோடு, சுறுசுறுப்பாக ஊர்ந்தால் அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழு. வேடம் ஒன்றுதான், வேலை வேறு. பலர் காவல்காரனைக் கொன்றுகொண்டிருக்கிறார்கள். எறும்புச் சாரியை நிறுத்துங்கள், எறும்புதான் மாவுப்பூச்சிக்குத் துணை.

பப்பாளியில் வருவது வேறு இனம். 2008இல் கோவையில் தென்பட்டுத் தமிழ்நாட்டையே ஆட்டிவைத்தது. 2010இல் ஒட்டுண்ணிக் குளவிகளை வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்டபின் அடங்கியது. மருந்தடித்தவர்கள் தோட்டத்தில்தான் அது நீண்ட நாள் இருந்தது.

மிளகாய் இலை சுருள்கிறது. ஒருவர் ஒரு மருந்து சொன்னார், இன்னொருவர் வேறு சொன்னார். யாரை நம்புவது?

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். நீங்கள் "சுருள்கிறது" என்று மட்டும் சொல்லியிருப்பீர்கள். இலை ஓரம் மேல்நோக்கிப் படகு போல மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் முரணைச் சிலந்தி (வலை பின்னும் சிலந்தி இல்லை, கண்ணுக்கு எளிதில் தெரியாத உண்ணி). சிறுத்து, சுருங்கி, செடியே குட்டையாகிவிட்டால் வெள்ளை ஈ கொண்டுவந்த நச்சுயிரி நோய். இலைப்பேன் மருந்துக்குச் சிலந்தி சாகாது. சில மருந்துகளுக்குப் பிறகு சிலந்தி இன்னும் பெருகும். நச்சுயிரிக்கு மருந்தே இல்லை. பிடுங்கி எரிக்க வேண்டும். வெண்டையில் வரும் மஞ்சள் நரம்புத் தேமலும் அப்படித்தான்.

பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உண்மையாகவே இரண்டு வல்லுநர்கள் மாறுபட்டால், ஒவ்வொருவரிடமும் "எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று பணிவாகக் கேளுங்கள். செடியைப் பார்த்தவர் சொல்வதற்குக் கேட்டுச் சொன்னவர் சொல்வதைவிட எடை அதிகம்.

நாங்கள் இயற்கை முறை மட்டும்தான். அங்கே போனால் ரசாயனம் எழுதித் தந்துவிடுவார்களே?

"வீட்டுச் சமையலுக்கு, ரசாயனம் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாறு (லிட்டருக்கு 50 கிராம் கொட்டை), சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா (நோயை அடக்கும் நல்ல நுண்ணுயிரிகள்) என்று அவர்களும் அதைத்தான் எழுதுவார்கள். என்ன நோய் என்று தெரிந்துகொள்வதற்கும் எப்படி மருந்து செய்வது என்பதற்கும் சம்பந்தமில்லை. இயற்கை முறைக்காரர்கள் பலர் நோயைத் தெரிந்துகொள்ளாமலே பஞ்சகவ்யத்தை ஊற்றுகிறார்கள். பெயர் தெரியாத நோய்க்கு எதை ஊற்றினாலும் ஊகம்தான், அது மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்தாலும்.

தக்காளியைப் பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு. மண் பரிசோதனையில் இது தெரியவில்லையே?

தெரியாது. மண் பரிசோதனை சத்தையும் உப்பையும் மட்டும் அளக்கிறது. இது வேர்முடிச்சு நூற்புழு. அதற்குத் தனிச் சோதனை. மாதிரி எடுக்கும் முறையும் மேலே சொன்னதற்கு நேர் எதிர். வேர் மண்டலத்து மண்ணை வேரோடு எடுத்து, ஈரம் காயாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி, வெயில் படாமல் கொண்டுபோக வேண்டும். உலர்த்தினால் புழு செத்து, "இல்லை" என்று அறிக்கை வந்துவிடும்.

அவரை, தட்டைப்பயறு வேரில் முடிச்சு கண்டு பயப்பட வேண்டாம். விரலால் தேய்த்தால் உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது தழைச்சத்தைச் சேர்க்கும் நல்ல முடிச்சு. வேரே வீங்கியிருந்து, தேய்த்தால் வராதது நூற்புழு. வேப்பம் புண்ணாக்கு, ஊடே துலுக்கச் சாமந்தி, அடுத்த பட்டத்தில் தக்காளி, கத்தரி, வெண்டை இல்லாமல் வேறு பயிர் என்று வழி சொல்வார்கள்.

ஆர்.ஓ. கழிவுநீரைச் செடிக்கு விடலாமா?

அந்த நீரில் ஆழ்குழாயின் உப்பு இன்னும் செறிந்திருக்கிறது. தொட்டிக்கு வேண்டாம், உப்பு வெளியேற வழியில்லை. தரையிலுள்ள மரத்துக்கு எப்போதாவது விடலாம், ஐப்பசி மழை கழுவிவிடும். தண்ணீரை மென்மையாக்கும் கருவியின் கழிவுநீர் எதற்கும் ஆகாது. வீட்டில் வேறு தண்ணீர் இல்லை என்றால் மண்ணோடு சேர்த்து ஒரு லிட்டர் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். இலை ஓரம் மட்டும் கருகுகிற பல "நோய்கள்" குழாயிலிருந்து வருபவை.

சொன்னதெல்லாம் செய்தேன். ஒரு மாதமாகியும் சரியாகவில்லை.

எந்த இலையைப் பார்க்கிறீர்கள்? கெட்ட இலை திரும்ப நன்றாகாது. அதற்குப் பிறகு விட்ட தளிர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தளிர் நன்றாக இருந்தால் வைத்தியம் கேட்டுவிட்டது. தளிரும் கெட்டால் அதே சீட்டை எடுத்துக்கொண்டு அதே ஆளிடம் மறுபடியும் போங்கள். புதியவரிடம் போனால் கதை முதலிலிருந்து தொடங்கும்.

ஐயா காலத்து மாமரம், எண்பது வயதிருக்கும். நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வருகிறது. மருந்து வைத்தும் கேட்கவில்லை. வெட்டச் சொல்கிறார்கள்.

வெட்டுவதற்கு முன் மரத்தடியைப் பாருங்கள். தண்டில் மரத்தூள் கொட்டினால் துளைப்பான் வண்டு. அதற்கு வைத்தியம் உண்டு. மண்பூச்சாக ஏறியிருந்தால் கரையான். அது பெரும்பாலும் செத்த பட்டையைத்தான் தின்கிறது, மரத்தைக் கொன்றது அதுவாக இருக்காது. இரண்டும் இல்லை என்றால் மரத்தைச் சுற்றிக் கடந்த நான்கைந்து ஆண்டுகளில் என்ன வேலை நடந்தது என்று யோசியுங்கள்.

இதே கேள்வியோடு வந்த ஒரு குடும்பத்துக்காக நான் துறை அதிகாரி ஒருவரை அழைத்துப் போனேன். அவர் மேலே அண்ணாந்து பார்க்கவே இல்லை. தரையைக் காலால் தட்டி, "இந்தத் தளம் எப்போது போட்டது?" என்று கேட்டார். பேத்தி கல்யாணத்துக்குப் பந்தல் போட வசதியாக, மூன்று ஆண்டுக்கு முன் பின்கட்டு முழுவதும் ஓரடி மண் நிரப்பித் தண்டுவரை சிமெண்ட் தளம் போட்டிருந்தார்கள். வேருக்குக் காற்றும் இல்லை, மழைத் தண்ணீரும் இல்லை. தண்டைச் சுற்றி ஆறடிக்குத் தளத்தை உடைத்து, நிரப்பிய மண்ணைக் கையால் அகற்றி, காய்ந்த கிளையை மட்டும் கழித்து, ஒரு மழைக்காலம் பார்க்கச் சொன்னார். உடைத்துவிட்டார்கள். தை மாதம் கீழ்க்கிளையில் தளிர் விட்டிருந்தது. மேற்கிளை இரண்டு போய்விட்டது. இந்த ஆண்டு மறுபடியும் அவரை வரச் சொல்லியிருக்கிறார்கள்.